அப்கிரேடுக்குப் பிறகு டிஸ்க் எழுத விடவில்லையா? மறுப்பது யார் என்று முதலில் பாருங்கள்

கேள்வி இதுதான். லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு, கம்ப்யூட்டரில் இருக்கும் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல்கள் எல்லாம் தெரிகின்றன, திறக்கவும் முடிகிறது. ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை, புது ஃபோல்டர் போட முடியவில்லை, சில ஃபோல்டர்கள் மேல் பூட்டுப் படம் வேறு. எல்லாவற்றுக்கும் 777 கொடுத்துப் பார்த்தும் பலன் இல்லை. கூடவே, சிடி டிரைவும் பழையபடி வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்?

777 கொடுத்தும் பலன் இல்லை என்று சொன்னீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. 777 என்றால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று கதவைத் திறந்து வைப்பது. அதற்குப் பிறகும் உள்ளே விடவில்லை என்றால், உங்களைத் தடுப்பது அந்தக் கதவே இல்லை. வேறு யாரோ தடுக்கிறார்கள். அது யார் என்று தெரிவதற்கு முன் இன்னொரு கட்டளையைக்கூடத் தட்டாதீர்கள். இந்த விஷயத்தில் மூலப் பிரச்சினையைவிட, அதைச் சரிசெய்யப் போய் ஆட்கள் இழுத்துக்கொண்ட வினைதான் அதிகம். நானும் இழுத்துக்கொண்டிருக்கிறேன், பிறகு சொல்கிறேன்.

(கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

ஃபைல் மேனேஜர் எல்லா மறுப்பையும் ஒரே பூட்டுப் படமாகத்தான் காட்டும். டெர்மினல் அப்படி இல்லை, காரணத்தைப் பிரித்துச் சொல்லும். அந்த டிஸ்க்குக்குள் போய் டச் கட்டளையால் ஒரு வெற்று ஃபைலை உருவாக்கப் பாருங்கள். மூன்றில் ஒரு பதில் வரும். ‘பெர்மிஷன் டினைட்’ என்றால் ஃபைலின் உரிமையாளர், அனுமதி எண்கள் சம்பந்தப்பட்டது. ‘ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்றால் டிஸ்க்கே படிக்க மட்டும் என்ற நிலையில் மவுன்ட் ஆகியிருக்கிறது, அதாவது சிஸ்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் ரூட்டாகவே (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி) வந்து நின்றாலும் எழுத முடியாது. ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்றால், நீங்கள் கேட்ட வேலையைச் செய்ய உங்களுக்கு அதிகாரம் இல்லை, அல்லது அந்த ஃபைல் சிஸ்டத்தில் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) அப்படி ஒரு வேலைக்கே இடமில்லை. உதாரணமாக, ஃபேட் பென் டிரைவில் உரிமையாளரை மாற்றப் போனால் இதுதான் வரும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

அடுத்து ஃபைண்ட்மவுன்ட் என்ற கட்டளை. எந்த டிஸ்க் எந்த இடத்தில், எந்த ஃபைல் சிஸ்டமாக, என்ன விருப்பங்களோடு மவுன்ட் ஆகியிருக்கிறது என்று ஒரே அட்டவணையில் காட்டும். உங்கள் டிஸ்க்கின் வரியில் இரண்டைப் பாருங்கள்: ஃபைல் சிஸ்டம் லினக்ஸின் எக்ஸ்ட்4-ஆ, விண்டோஸின் என்டிஎஃப்எஸ்-ஆ, கடைசிப் பத்தி ஆர்டபிள்யூ (எழுதலாம்) என்று தொடங்குகிறதா, ஆர்ஓ (படிக்க மட்டும்) என்றா. என்டிஎஃப்எஸ் டிஸ்க் இங்கே ‘ஃபியூஸ்பிஎல்கே’ என்றும் வரலாம், ‘என்டிஎஃப்எஸ்3’ என்றும் வரலாம். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும், உங்கள் பிரச்சினை இதிலேயே முடிந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் என்டிஎஃப்எஸ்ஸைக் கையாள லினக்ஸில் இரண்டு டிரைவர்கள் உண்டு. பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது என்டிஎஃப்எஸ்-3ஜி. 2021-இல் வந்த 5.15 கெர்னலில் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) பாராகன் நிறுவனம் எழுதிய என்டிஎஃப்எஸ்3 டிரைவர் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது. சிஸ்டத்தைப் புதுப்பித்தபோது உங்கள் டிஸ்க் சத்தமில்லாமல் பழைய டிரைவரிலிருந்து புதியதற்கு மாறியிருக்கலாம். இரண்டுக்கும் குணம் வேறு. எந்த விருப்பமும் கொடுக்காமல் மவுன்ட் செய்தால் பழையது எல்லோருக்கும் 777 கொடுத்துவிடும். புதியதோ, மவுன்ட் செய்தவரையே எல்லா ஃபைலுக்கும் உரிமையாளராக வைத்து, வழக்கமான யூமாஸ்க்கை (எந்த அனுமதிகளைக் கழிப்பது என்று சொல்லும் எண்) பொருத்திவிடும். பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எப்படி மவுன்ட் செய்வது என்ற பட்டியல்தான் எஃப்எஸ்டேப். அதன் வழியாக மவுன்ட் ஆகும் டிஸ்க்கை மவுன்ட் செய்பவர் ரூட். ஆகவே எல்லா ஃபைலும் ரூட்டுக்குச் சொந்தம்; நீங்கள் படிக்கலாம், எழுத முடியாது. ஃபைல்கள் திறக்கின்றன, சேமிக்க முடியவில்லை என்று நீங்கள் சொன்ன அறிகுறிக்கு இது அச்சாகப் பொருந்துகிறது.

இதற்கு, 777 போன்ற அனுமதி எண்களை மாற்றும் சிமாட் கட்டளை மருந்தல்ல. விண்டோஸில் உருவான டிஸ்க்கில் லினக்ஸின் யூசர் எண்கள் எழுதப்பட்டிருக்காது. மவுன்ட் செய்யும் நேரத்தில் டிரைவர் ஒப்புக்கு ஒரு உரிமையாளரைக் காட்டுகிறது, அவ்வளவுதான். பழைய என்டிஎஃப்எஸ்-3ஜியிடம் 777 கேட்டால், சரி என்று தலையாட்டிவிட்டு ஒன்றுமே செய்யாது, பிழைச் செய்திகூட வராது. அதனால்தான் பலர் அதே கட்டளையைப் பத்து முறை தட்டிக்கொண்டிருப்பார்கள்.

மாற்ற வேண்டியது எஃப்எஸ்டேப் ஃபைலில் இருக்கும் அந்த டிஸ்க்கின் வரியை. விருப்பங்கள் பகுதியில் யூஐடி என்பதற்கு உங்கள் எண், ஜிஐடி என்பதற்கு உங்கள் குரூப் எண் (ஐடி என்ற கட்டளை இரண்டையும் சொல்லும், பெரும்பாலும் 1000), டிமாஸ்க் 022, எஃப்மாஸ்க் 133 என்று சேர்த்தால், ஃபோல்டர்கள் 755 ஆகவும் ஃபைல்கள் 644 ஆகவும் உங்கள் பெயரில் தெரியும். அதே வரியில் ‘நோஃபெயில்’ என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். அது இல்லாமல், என்றாவது அந்த டிஸ்க் இணைக்கப்படாமல் இருந்தால் கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது பாதியில் அவசர நிலைத் திரையில் போய் நிற்கும். டிஸ்க்கை எஸ்டிபி1 என்பது போன்ற பெயரால் குறிக்காமல் யூயூஐடியால் (டிஸ்க்கின் மாறாத அடையாளம்) குறியுங்கள். அந்தப் பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறக்கூடியவை.

ஒருவேளை ஃபைண்ட்மவுன்ட் ஆர்ஓ என்று காட்டினால், அல்லது டிஸ்க் மவுன்டே ஆகாமல் பிழை வந்தால், கதை வேறு. அதே கம்ப்யூட்டரில் விண்டோஸும் இருக்கிறதா? விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. கெர்னல் பகுதியை உறக்க நிலையில் ஃபைலாக எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அங்கிருந்தே எழுந்துகொள்ளும். அந்த நிலையில் டிஸ்க்கின் கணக்கு வழக்கு பாதி விண்டோஸின் நினைவில் இருக்கிறது. லினக்ஸ் அதில் எழுதினால், விண்டோஸ் எழுந்து வந்து தன் பழைய கணக்கை அதன்மேல் எழுதும். உங்கள் ஃபைல்கள் நடுவில் நசுங்கும். அதனால் என்டிஎஃப்எஸ்-3ஜி படிக்க மட்டும் அனுமதித்து நிறுத்திக்கொள்கிறது. என்டிஎஃப்எஸ்3 இன்னும் கறார்: டிஸ்க்கில் ‘முறையாக மூடப்படவில்லை’ என்ற குறி இருந்தால் மவுன்ட் செய்யவே மறுத்துவிடும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் கடைசி வரிகளில் வால்யூம் ‘டர்ட்டி’ என்று அது சொல்லியிருப்பதைப் பார்க்கலாம்.

அங்கேயே ‘ஃபோர்ஸ்’ என்ற விருப்பமும் கண்ணில் படும். அதைத் தொடாதீர்கள். விண்டோஸுக்குப் போங்கள், செக்டிஸ்க் ஓட்டுங்கள், பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள், பிறகு லினக்ஸுக்கு வாருங்கள். அவசரமென்றால் ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸைத் தேர்ந்தெடுத்தாலும் போதும். ரீஸ்டார்ட் எப்போதும் முழுதாகவே மூடித் திறக்கும். ஷட்டவுனைவிட ரீஸ்டார்ட் சுத்தமாக அணைக்கிறது என்பது கேட்க விநோதம்தான். விண்டோஸே இல்லாத கம்ப்யூட்டரில் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கருவி அந்தக் குறியை நீக்கும். ஆனால் பெயரில் இருக்கும் ‘ஃபிக்ஸ்’ஸைப் பார்த்து ஏமாற வேண்டாம், செக்டிஸ்க் செய்கிற முழுப் பரிசோதனை அதில் கிடையாது.

டிஸ்க் எக்ஸ்ட்4 ஆக இருந்து, நேற்றுவரை எழுதிக்கொண்டிருந்துவிட்டு இன்று ஆர்ஓ ஆகிவிட்டதா? அப்படியானால் அனுமதியை மறந்துவிடுங்கள். எழுதும்போது பிழை கண்ட கெர்னல், மேலும் கெடாமல் இருக்கத் தானாகவே டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று மாற்றியிருக்கலாம். டிமெசேஜில் ஐ/ஓ எரர் (படிக்க, எழுத முடியாத பிழை) வரிகள் வரிசையாக இருந்தால் டிஸ்க் சாகப் போகிறதாக இருக்கலாம். முதலில் பேக்கப், அப்புறம் மற்றதெல்லாம்.

இனி, மெய்யான அனுமதிப் பிரச்சினை. எக்ஸ்ட்4 டிஸ்க், ஆர்டபிள்யூ, ஆனாலும் ‘பெர்மிஷன் டினைட்’.

இங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் அப்கிரேட் என்று சொல்வது, இருந்த சிஸ்டத்தின் மேலேயே புதுப்பித்ததா, அல்லது பழையதை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவியதா? பேச்சு வழக்கில் இரண்டையும் அப்கிரேட் என்றுதான் சொல்கிறோம். மேலேயே புதுப்பித்திருந்தால் யூசர் எண்கள் மாறாது. புதிதாக நிறுவியிருந்தால் மாறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

எக்ஸ்ட்4 டிஸ்க்குக்கு உங்கள் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு ஃபைலின் குறிப்பிலும் உரிமையாளர் 1000, குரூப் 1000 என்ற மாதிரி எண்களே பதிவாகியிருக்கின்றன. அந்த எண் யாருடையது என்று சொல்வது, அப்போது ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் யூசர் பட்டியல். ஆளும் அதே, பெயரும் அதே, பாஸ்வேர்டும் அதே. ஆனால் எண் வேறு என்றால், டிஸ்க்கைப் பொறுத்தவரை நீங்கள் வேற்றாள்.

உடைத்துப் பார்ப்போம். டிஸ்க்குக்குள் போய், ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை ஹைஃபன் எல்என் சேர்த்துத் தட்டுங்கள். வழக்கமான எல் மட்டும் போட்டால் பெயர் வரும். என் சேர்த்தால் எண்ணாக வரும். உங்கள் பழைய ஃபோல்டரின் வரியில் 500 500 என்று வருகிறது, ஐடி கட்டளையோ உங்களை 1000 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் டிஸ்க் பழைய ரெட்ஹேட் குடும்பத்துக் கம்ப்யூட்டரில் இருந்து வந்திருக்கலாம். ஃபெடோராவில் 2011-இல் வந்த 16-ஆம் பதிப்புக்கு முன்பும், சென்ட்ஓஎஸ் 6 வரையும், முதல் யூசருக்கு 500 கொடுப்பதுதான் வழக்கம். பிறகு மற்ற லினக்ஸ்களைப் போல 1000-க்கு மாறினார்கள். மேக்கில் இது இன்றும் 501.

சரிசெய்ய, உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு டிஸ்க் முழுவதையும் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டாம். அதில் வேறு யூசர்களின் ஃபைல்களோ, டேட்டாபேஸ் போன்ற சர்வீஸ்களின் ஃபைல்களோ இருக்கலாம். சௌனில் இரட்டை ஹைஃபன் போட்டு ‘ஃப்ரம்’ என்று ஒரு விருப்பம் உண்டு, நிறையப் பேர் கவனிப்பதில்லை. அதற்கு 500 என்று கொடுத்து, இலக்காக 1000 கொடுத்து, பெரிய ஆர் (உள்ளே இருப்பவை எல்லாவற்றையும் சேர்த்து என்று பொருள்) சேர்த்து ஓட்டினால், 500-க்குச் சொந்தமாக இருந்தவை மட்டும் 1000-க்கு மாறும், மற்றவை அசையாது. 500-க்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்துக் கொடுத்தால் அது குரூப் எண் என்று பொருள். இலக்கையும் அதேபோல் முக்காற்புள்ளியோடு கொடுத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். முன்னதாக ஃபைண்ட் கட்டளையில் நோயூசர் என்று கேட்டால், இன்றைய பட்டியலில் ஆளே இல்லாத எண்களுக்குச் சொந்தமான ஃபைல்களை எல்லாம் வரிசையாகக் காட்டும். எத்தனை பழைய எண்கள் உலவுகின்றன என்று அதில் தெரிந்துவிடும்.

இதைவிடச் சிக்கலான ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஒரே கம்ப்யூட்டரை அக்காவும் தம்பியும் பயன்படுத்துகிறார்கள். பழைய சிஸ்டத்தில் அக்காவின் கணக்கு முதலில் உருவானது, அது 1000, தம்பி 1001. புதிதாக நிறுவியது தம்பி, தன் கணக்கை முதலில் போட்டான், இப்போது அவன் 1000. விளைவு, அக்காவின் கோப்புகள் எல்லாம் தம்பி பெயரில், தம்பியுடையது அக்கா பெயரில். இருவருமே ‘என் ஃபைல் எனக்குத் திறக்கவில்லை’ என்கிறார்கள். இங்கே நேரடியாக 1000-ஐ 1001 ஆக மாற்றினால் இரண்டு பேருடையதும் ஒரே எண்ணில் கலந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. இரண்டு டம்ளரில் இருப்பதை இடம் மாற்ற மூன்றாவது டம்ளர் வேண்டும் அல்லவா, அதேதான். யாருக்கும் சொந்தமில்லாத ஓர் எண், 5000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1000-இல் இருப்பதை 5000-க்கு, பிறகு 1001-இல் இருப்பதை 1000-க்கு, கடைசியில் 5000-இல் இருப்பதை 1001-க்கு. புது சிஸ்டம் நிறுவிய அன்றே இதைக் கவனித்துவிட்டால், ஃபைல்களைத் தொடாமல் யூசர்மாட் கட்டளையால் ஆட்களின் எண்களையே பழையபடி மாற்றிவிடுவது இன்னும் எளிது. அந்த யூசர் லாகின் செய்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது என் கதை. சில ஆண்டுகளுக்கு முன், இதே மாதிரி ஒரு டிஸ்க்கின் உரிமையை மாற்ற ரூட்டாக இருந்துகொண்டு சௌன் தட்டினேன். பாதையின் முதல் சாய்கோட்டுக்குப் பிறகு ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. கட்டளை அதை இரண்டு பாதைகளாகப் படித்தது: ஒன்று டிஸ்க், மற்றொன்று வெறும் சாய்கோடு, அதாவது மொத்த சிஸ்டமும். ஆர்எம் கட்டளை வெறும் சாய்கோட்டை அழிக்கச் சொன்னால் மறுத்துவிடும். சௌனும் சிமாடும் அப்படி மறுப்பதில்லை, தனியாகக் கேட்டுக்கொண்டால்தான் மறுக்கும். எனக்கு அன்றுதான் தெரியும். நான்கைந்து விநாடியில் நிறுத்திவிட்டேன், போதும் போதும் என்று ஆகிவிட்டது. அடுத்த முறை, ரூட் அதிகாரத்தைத் தரும் சூடோ கட்டளையைத் தட்டியபோது, தன் ஃபைல் ரூட்டுக்குச் சொந்தமாக இல்லை, செட்யூஐடி குறியும் (உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓட விடும் குறி) இல்லை என்று சொல்லி வேலை செய்ய மறுத்துவிட்டது. உரிமையாளரை மாற்றும்போது லினக்ஸ் அந்தக் குறியைப் பாதுகாப்புக்காக நீக்கிவிடும். உரிமையைத் திருப்பிக் கொடுத்தாலும் குறி தானாகத் திரும்பி வராது. அன்று மாலை முழுக்க மறு நிறுவலில் போனது. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட கட்டளைகளை டிஸ்க்குக்குள் போய் நின்றுகொண்டு, பாதையாக ஒரு புள்ளியை மட்டும் கொடுத்துத்தான் ஓட்டுகிறேன்.

777-ஐப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ட்4-இல் அது வேலை செய்யும், தேவைக்கு மேலேயே செய்யும். ஹோம் ஃபோல்டர் மேல் ஓட்டினால், வேறு கம்ப்யூட்டருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்-இன் சாவி ஃபைல்களும் 777 ஆகும். அடுத்தவர் படிக்கக்கூடிய சாவியை எஸ்எஸ்ஹெச் ஏற்காது, ஆகவே ரிமோட் சர்வருக்குள் நுழைய முடியாமல் தவிப்பீர்கள். புகைப்படம், பாட்டு, டெக்ஸ்ட் ஃபைல் எல்லாம் இயக்கக்கூடிய புரோகிராம் என்று குறிக்கப்பட்டு நிற்கும். ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள் என்றால், முதலில் சிறிய எக்ஸ்ஸோடு ஃபைல்களின் இயக்க அனுமதியை ஃபைண்ட் வழியாக நீக்கிவிட்டு, பிறகு பெரிய எக்ஸ்ஸோடு சிமாட் ஓட்டுங்கள். பெரிய எக்ஸ் ஃபோல்டர்களுக்கு நுழைவு அனுமதி கொடுக்கும், சாதாரண ஃபைல்களை விட்டுவிடும்.

சிடி டிரைவுக்கு வருவோம். லினக்ஸில் அதன் பெயர் எஸ்ஆர்0. டெபியன், உபுண்டுவில் அது ரூட்டுக்கும் சிடிராம் என்ற குரூப்புக்கும் சொந்தம், அனுமதி 660. ஆர்ச் வகையில் அந்தக் குரூப்பின் பெயர் ஆப்டிகல். சிஸ்டம் நிறுவும்போது உருவாகும் முதல் யூசரை உபுண்டு தானாகவே சிடிராமில் சேர்த்துவிடும். பின்னால் நீங்கள் சேர்த்த யூசர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இருந்தும் பெரும்பாலும் வேலை செய்துவிடும், காரணம் திரைக்கு முன் உட்கார்ந்து லாகின் செய்தவருக்கு, சர்வீஸ்களையும் லாகின்களையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டி தற்காலிகமாகத் தனி அனுமதி கொடுக்கிறது. எல்எஸ் வரியில் அனுமதி எழுத்துகளின் முடிவில் ஒரு கூட்டல் குறி தெரிந்தால் அது இருக்கிறது என்று பொருள். எஸ்எஸ்ஹெச் வழியாக வருபவருக்கோ, பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்டுக்கோ கிடைக்காது. அதற்கு நிரந்தர வழி, யூசர்மாட் கட்டளையில் ஹைஃபன் ஏஜி போட்டு சிடிராமில் சேர்ப்பது. அந்த ஏ எழுத்து முக்கியம். அதை விட்டுவிட்டு ஜி மட்டும் கொடுத்தால், மற்ற எல்லா கூடுதல் குரூப்பிலிருந்தும் உங்களை நீக்கிவிட்டு சிடிராமில் மட்டும் போடும். நீக்கப்படும் குரூப்களில் சூடோவும் ஒன்று. சேர்த்த பிறகு லாக் அவுட் ஆகி மறுபடி வர வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் செஷனுக்குப் புது குரூப் தெரியாது. மிகப் பழைய சிஸ்டத்திலிருந்து எஃப்எஸ்டேப்பைக் கையோடு கொண்டுவந்தவர்கள், அதில் ஹெச்டிசி என்ற பெயர் கிடக்கிறதா பாருங்கள். 2007 வாக்கிலேயே ஐடிஇ டிரைவ்களின் பெயர்கள் மாறிவிட்டன, அப்படி ஒரு சாதனமே இப்போது கிடையாது.

ஒரு புரோகிராமில் மட்டும் டிஸ்க் தெரியவில்லை, மற்றதில் தெரிகிறது என்றால் அந்தப் புரோகிராம் ஸ்னாப் அல்லது ஃபிளாட்பேக் வடிவத்தில் வந்ததா என்று பாருங்கள். அப்கிரேடின்போது சில புரோகிராம்கள் இப்படி வடிவம் மாறிவிடுகின்றன. இவை கூண்டுக்குள் ஓடுபவை. ஸ்னாப்பில் ‘ரிமூவபிள் மீடியா’ என்ற இணைப்பைத் தனியாகக் கொடுத்தால்தான் வெளி டிஸ்க்கைப் பார்க்கும். பழைய ஸ்கிரிப்டுகள் டிஸ்க் கிடைக்கவில்லை என்றால் பாதையைப் பாருங்கள்: உபுண்டு 2012-இல் 12.10 பதிப்பிலிருந்து மீடியா ஃபோல்டருக்குள் யூசர் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் மவுன்ட் செய்கிறது. ஃபெடோராவில் அதுவே ரன் ஃபோல்டருக்குள் இருக்கும்.

விண்டோஸைப் புதிதாக நிறுவியவர்களுக்கும் இதே நோய்தான், எண்ணுக்குப் பதில் எஸ்ஐடி என்ற நீளமான அடையாளம். பழைய டிஸ்க்கின் செக்யூரிட்டி டேப்பில் ‘அக்கவுன்ட் அன்னோன்’ என்று, எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரு சரத்தோடு நிற்பவர் வேறு யாருமில்லை, முந்தைய நிறுவலில் இருந்த நீங்களேதான். டேக்ஓன் கட்டளையால் உரிமையை எடுத்துக்கொண்டு, ஐகேக்கிள்ஸால் அனுமதியைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். ஆனால் ஃபைல்கள் விண்டோஸின் ஈஎஃப்எஸ் வசதியால் மறையாக்கம் செய்யப்பட்டவை என்றால் உரிமை எடுத்தும் பயனில்லை; பழைய சான்றிதழ் இல்லாமல் அவை திறக்காது. டிஸ்க்கை அழித்து நிறுவும் முன்பே அந்தச் சான்றிதழை வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும். மேக்கில் வெளி டிஸ்க் என்றால் கெட் இன்ஃபோவில் ‘இந்த வால்யூமின் உரிமையைப் பொருட்படுத்தாதே’ என்ற டிக் போதும். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் தானாகப் படிக்க மட்டுமே செய்யும், அது பழுதல்ல.

உங்கள் விஷயத்துக்கு, முதலில் ஃபைண்ட்மவுன்ட், பிறகு டிமெசேஜ், அதன்பின் எல்எஸ் ஹைஃபன் எல்என். என் கணிப்பு என்டிஎஃப்எஸ்3 டிரைவர் மாற்றம். எஃப்எஸ்டேப் வரியைத் திருத்தியதும் ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். டிஸ்க்கை அன்மவுன்ட் செய்துவிட்டு, மவுன்ட் கட்டளையை ஹைஃபன் ஏ போட்டு ஓட்டுங்கள். எஃப்எஸ்டேப்பில் எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், திருத்த டெர்மினலும் கையில் இருக்கும். டச் வேலை செய்தால் அதற்குப் பிறகு ரீஸ்டார்ட், மறுபடி ஒரு டச்.